தேடித் தின்னட்டும் கிளி: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், "கிளிக்குத் தீனியைக் கிண்ணத்தில் கொட்டிவிட்டுப் போகாதீர்கள், தேடித் தின்ன விடுங்கள்" என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வரிக்கு வந்த கடிதங்களே இந்த மாதப் பக்கத்துக்குப் போதுமானவை. பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவராக என்னிடம் வரும் கிளிகளில் பலவற்றுக்கு மருந்தைவிட வேலைதான் தேவைப்படுகிறது. அதனால் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

எங்கள் சன் கன்யூர் கிளிக்கு இரண்டு வயது. சில மாதங்களாக நெஞ்சு இறகைப் பிடுங்கிப் போடுகிறது. நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறோம். காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை தனியாக இருக்கும். டாக்டர் பார்த்துவிட்டு நோய் எதுவும் இல்லை என்றார். நீங்கள் சொன்னபடி தீனியைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன். மிரண்டு போய்க் கூண்டின் மூலையில் ஒட்டிக்கொண்டு கத்துகிறது. என்ன செய்வது? – வாசகி, ஈரோடு

முதலில் டாக்டரிடம் காட்டினீர்களே, அது நல்ல காரியம். இறகு பிடுங்கும் கிளி எல்லாமே சலிப்பால் பிடுங்குவதில்லை. தோல், குடல், ஈரல் என்று எங்கே கோளாறு இருந்தாலும் பிடுங்கும். அதையெல்லாம் பார்த்து, இல்லை என்று தெரிந்த பிறகுதான் நான் இனிச் சொல்வது பொருந்தும்.

காட்டில் இருக்கும் கிளி ஒரு நாளில் நான்கு முதல் ஆறு மணி நேரம் இரை தேடுவதிலேயே கழிக்கும். பறந்து போக வேண்டும், பழுத்தது எது என்று பார்க்க வேண்டும், தோலை உரிக்க வேண்டும், கொட்டையை உடைக்க வேண்டும். வீட்டில் கிண்ணம் நிறையத் தீனி வைத்தால் எல்லாம் அரை மணி, ஒரு மணியில் முடிந்துவிடுகிறது. மீதி நேரத்துக்கு அந்த அலகு என்ன செய்யும்? உரிப்பதற்கும் பிய்ப்பதற்குமே அமைந்த அலகு அது. பிய்க்க வேறொன்றும் கிடைக்காவிட்டால் சொந்த இறகைத்தான் பிய்க்கும்.

இது என் ஊகம் இல்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஆரஞ்சுச் சிறகு அமேசான் கிளிக்குஞ்சுகளை இரண்டு குழுவாக வளர்த்துப் பார்த்தார்கள். ஒரு குழுவுக்குத் தீனியைத் தேடியெடுக்கும் வசதியும் ஏறி விளையாடப் பொருள்களும் இருந்தன. இன்னொன்றுக்கு வெறும் கூண்டும் கிண்ணமும்தான். வெறும் கூண்டில் வளர்ந்தவை இறகைப் பிடுங்க ஆரம்பித்தன. பிறகு அவற்றுக்கும் அதே வசதிகளைக் கொடுத்தபோது இறகின் நிலை தேறியது. 2003-இல் வெளியான ஆய்வு இது. உங்கள் கிளிக்கும் நம்பிக்கை இருக்கிறது என்பதற்காகவே சொல்கிறேன்.

இப்போது காகிதத்துக்கு வருவோம். நீங்கள் நேரே கடைசிப் பாடத்தில் தொடங்கிவிட்டீர்கள். கூண்டுக்குள் திடீரென்று வந்த மூட்டைக்குள் தீனி இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? புதுப் பொருள் என்றாலே கிளிக்குப் பயம்தான். அதனால் பழகிய கிண்ணத்திலிருந்தே தொடங்குங்கள். வழக்கமான தீனியின் மேல் நான்கைந்து வெள்ளைக் காகிதத் துண்டுகளைப் போடுங்கள், அவ்வளவுதான். அதைத் தள்ளிவிட்டுத் தின்னப் பழகியதும் துண்டுகளைக் கூட்டுங்கள். அப்புறம், திறந்த கொட்டாங்குச்சி ஒன்றில் அதற்கு மிகவும் பிடித்த இரண்டு விதைகளை, அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே போட்டு வையுங்கள். அதன் பிறகுதான் காகிதம். அதுவும் முழுக்க மடிக்காமல், உள்ளே இருக்கும் நிலக்கடலை பாதி வெளியே தெரிகிற மாதிரி.

இன்னொன்று மிக முக்கியம். ஒரு பொட்டலத்தை அதன் எதிரில் உட்கார்ந்து நீங்களே பிரித்து, உள்ளே இருப்பதை ரசித்துத் தின்னுங்கள். கூட்டத்தில் வாழும் பறவை அது. பக்கத்தில் இருப்பவர் தின்றால் பயமில்லை என்று எடுத்துக்கொள்ளும். உங்கள் வீட்டில் அதற்கு நீங்கள் இருவரும்தான் கூட்டம்.

பழகிவிட்ட ஒரு கன்யூர் பனையோலைப் பொட்டலத்தைப் பிரிப்பதை என் அறையில் நின்று பார்த்திருக்கிறேன். எடுத்த எடுப்பில் கடிக்கவில்லை. ஓலையை ஒரு காலால் தூக்கிப் பிடித்து, மூக்குக்கு நேராகத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. மேல் அலகின் நுனியை மடிப்புக்குள் செருகி நெம்பியது. மடிப்பு சற்றே விரிந்ததும் தடித்த நாக்கை உள்ளே விட்டுத் துழாவியது. உள்ளே தட்டுப்பட்டதும் ஓலையை நாராகக் கிழித்துக் கீழே போட்டுக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு சூரியகாந்தி விதையை எடுத்தது. விதையைத் தின்ன சில விநாடிதான். அது முடிந்த பிறகும் காலி ஓலையை விடாமல் கிழித்துக்கொண்டிருந்தது. அந்த நேரமெல்லாம் அதன் அலகு நெஞ்சுப் பக்கம் போகவே இல்லை.

அளவையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் அன்றாடத் தீனியில் கால் பங்கை மட்டும் இப்படி வையுங்கள். முக்கால் பங்கு கிண்ணத்திலேயே இருக்கட்டும். பட்டினி போட்டால் சீக்கிரம் கற்றுக்கொள்ளும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இந்த அளவுள்ள பறவை ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் உயிருக்கே ஆபத்து. கிராம் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று வாங்கி, தினமும் காலையில் தீனி வைக்கும் முன் எடை போட்டு எழுதி வையுங்கள். எடை பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் எல்லாத் தீனியையும் கிண்ணத்துக்கே மாற்றிவிட்டு டாக்டரிடம் கொண்டுபோங்கள். எச்சம் வழக்கத்தைவிடக் குறைந்தாலும் அப்படியே.

காலையில் பசி நன்றாக இருக்கும். அதனால் வேலைக்குக் கிளம்பும் முன் பொட்டலங்களை நாலைந்து இடத்தில் தொங்கவிட்டுப் போங்கள். முளைகட்டிய பயறும் பழமும் நீங்கள் திரும்பி வந்த பிறகு. நம் வெயிலில் அவற்றை இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூண்டில் விடக்கூடாது. இறகு மறுபடி வளர மாதக்கணக்கில் ஆகும். வெகுகாலம் பிடுங்கிய இடத்தில் வளராமலே போகவும் கூடும். இறகு வந்துவிட்டதா என்று பார்க்காதீர்கள். அலகு என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பாருங்கள்.

என் பேத்தி உங்கள் பக்கத்தைப் படித்துவிட்டுக் கிளிக்குத் தீனியை ஒளித்து வைக்கிறாள். வாயில்லா ஜீவனின் சாப்பாட்டை ஒளித்து வைத்து அலைய விடுவது பாவம் இல்லையா, டாக்டர்? நான் கையால்தான் ஊட்டுவேன். – 74 வயது வாசகி, மதுரை

அம்மா, உங்கள் மனசு எனக்குப் புரிகிறது. பசித்த உயிருக்கு எதிரில் சாப்பாட்டை மறைப்பது பாவம்தான். ஆனால் உங்கள் பேத்தி செய்வது அது இல்லை. கிண்ணத்திலும் தீனி இருக்கிறது, ஒளித்த இடத்திலும் இருக்கிறது. எதைத் தின்பது என்று கிளியே முடிவு செய்கிறது.

1963-இல் கிளென் ஜென்சன் என்ற உளவியலாளர் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார். தட்டில் தீனி சும்மாவே கிடைத்தபோதும், விசையை அழுத்தி வாங்கித் தின்னப் போயின எலிகள். பின்னாளில் ஆப்பிரிக்கன் கிரே கிளிகளிலும், நியூசிலாந்தின் கியா கிளிகளிலும் இதைச் சோதித்தார்கள். கிளிக்குக் கிளி மாறுபட்டது. ஆனால் சும்மா கிடைப்பதை விட்டுவிட்டு, திறந்து எடுக்க வேண்டியதைத் தேடிப் போன கிளிகள் இருந்தன. உழைத்துத் தின்பதில் அவற்றுக்கு ஏதோ ஒரு நிறைவு இருக்கிறது. தினைப்புனத்தில் பரண் கட்டிக் காவல் இருந்து கிளி ஓட்டினார்கள் நம் முன்னோர். அந்தக் கிளிகளுக்கு யாரும் ஊட்டவில்லை. எந்தக் கொல்லையில் கதிர் முற்றியிருக்கிறது என்று அவையே கண்டுபிடித்து வந்தன.

நீங்கள் ஊட்டுவதை நிறுத்த வேண்டாம். உள்ளங்கையில் தானியத்தை வைத்து விரல்களைத் தளர்வாக மூடிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு விரலாக அலகால் நெம்பித் திறந்து அது எடுத்துக்கொள்ளட்டும். உங்கள் கையைவிட அதற்குப் பிடித்த ஒளிவிடம் வேறு இருக்காது.

நாலு லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறேன். பட்ஜி என்றும் சொல்கிறார்கள். பொட்டலம், கொட்டாங்குச்சி எதையும் தொடுவதில்லை. இவற்றுக்கு அறிவு குறைவா? – கல்லூரி மாணவர், நாகர்கோவில்

அறிவு குறைவெல்லாம் இல்லை தம்பி, பழக்கம் வேறு. பட்ஜியின் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. அங்கே புல்விதையைத் தரையில் நடந்து நடந்து பொறுக்கித் தின்னும். கன்யூர் மாதிரி காலால் பொருளைத் தூக்கிப் பிடித்துத் தின்னும் வழக்கம் அதற்கில்லை. காக்கட்டீல் கிளியும் பெரும்பாலும் இப்படித்தான்.

எனவே பொட்டலத்தை விடுங்கள். ஒரு சின்ன முறத்தில் காய்ந்த புல்லைப் பரப்பி, தினையை நடுவில் தூவி, கூண்டின் தரையில் வையுங்கள். உட்காரும் குச்சிக்கு நேர் கீழே வைக்காதீர்கள், எச்சம் விழும். தினைக்கதிரோ கம்பங்கதிரோ கிடைத்தால் அப்படியே தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுங்கள். பற்றிக்கொண்டு ஆடியபடி உதிர்த்துத் தின்னும். நன்றாக அலசிய கொத்தமல்லிக் கட்டை ஈரத்தோடு தொங்கவிட்டால் பாதியைத் தின்னும், மீதியில் புரண்டு குளிக்கும். பார்க்கவே அழகாக இருக்கும்.

நாலு இருப்பதால் இரண்டு முறம் வையுங்கள். இல்லாவிட்டால் வலுவானது மற்றவற்றை விரட்டிவிடும். கிண்ணத்தையும் தினமும் ஊதிப் பாருங்கள். பட்ஜி விதையின் உமியை உரித்து அங்கேயே போடும். நிறையத் தீனி இருப்பதுபோலத் தெரியும். ஊதினால் எல்லாம் உமியாகப் பறக்கும். நிறைந்த கிண்ணத்தின் எதிரிலேயே பட்டினி கிடந்த பட்ஜிகளை என்னிடம் கொண்டுவந்திருக்கிறார்கள்.

எங்கள் ஆப்பிரிக்கன் கிரே எதை மடித்துக் கொடுத்தாலும் இரண்டு நிமிடத்தில் பிரித்துவிடுகிறது. கடைப் பொம்மைகளும் அப்படித்தான். – வாசகர், கோயம்புத்தூர்

பொம்மைக்குச் செலவழிப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள்: நறுக்குவதை நிறுத்துங்கள். காய், பழம் எல்லாவற்றையும் பொடிப்பொடியாக நறுக்கிக் கொடுக்கிறோம். அது செய்ய வேண்டிய வேலையை நாமே செய்துவிடுகிறோம். டேவிஸ் ஆய்வாளர்கள் 2010-இல் இன்னொன்றையும் எழுதினார்கள். அமேசான் கிளிகளுக்கு வழக்கமான பெல்லட்டைவிட (கடையில் கிடைக்கும் உருண்டைத் தீனி) மிகப் பெரிய உருண்டையாகக் கொடுத்தபோது, இரைக்காகச் செலவிடும் நேரம் பல மடங்கு கூடியது. மக்காச்சோளத்தைத் தோகையோடு கொடுங்கள். பட்டாணியைத் தோலோடு, கொய்யாவை முழுசாக, மாதுளையைத் தோலுடன் கால் பங்காக. முருங்கைக்கீரையை உருவிப் போடாமல் கொத்தாகச் செருகுங்கள். இதற்குப் பிறகும் நேரம் மிஞ்சினால் ஒன்றுக்குள் ஒன்றாக மடியுங்கள்: தொன்னைக்குள் ஓலை, ஓலைக்குள் காகிதம், காகிதத்துக்குள் ஒரு பாதாம். சில பொட்டலங்கள் காலியாகவும் இருக்கட்டும். காட்டில் எல்லாக் கிளையிலும் பழம் இருப்பதில்லை.

எதில் மடிக்கலாம், எதில் கூடாது? – வாசகி, புதுச்சேரி

பனையோலை, தென்னையோலை, மக்காச்சோளத் தோகை, காய்ந்த வாழைமட்டை, இலைத் தொன்னை, அச்சில்லாத வெள்ளைக் காகிதம் எல்லாம் நல்லது. செய்தித்தாள் வேண்டாம், மையை நம்ப முடியாது. ஸ்டேப்லர் பின், ரப்பர் பேண்ட், பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கோப்பை, துத்தநாகம் பூசிய கம்பி எதுவும் கூண்டுக்குள் போகக்கூடாது. நூல் பிரிகிற கயிறும் ஆபத்து. விரலில் சுற்றி இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். தேங்காய் நார் ஈரமாக இருந்தால் பூஞ்சை பிடிக்கும், பறவையின் நுரையீரல் அதைத் தாங்காது. நிலக்கடலைக்கும் இதே எச்சரிக்கை. கிளை வெட்டி வைப்பதானால் கொய்யா, வேம்பு, முருங்கை. அரளி, எருக்கு, ஊமத்தைப் பக்கமே போகாதீர்கள். உள்ளே வைக்கும் தீனியில் அவகாடோ, சாக்லேட், வெங்காயம், ஆப்பிள் விதை, உப்புப் போட்ட மிக்சர் இருக்கவே கூடாது.

எட்டு வருஷமாக ஒரு பச்சைக்கிளி வளர்க்கிறோம். இதற்கும் இப்படிப் பழக்கலாமா? திறந்து பறக்க விட்டுவிடு என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். – பெயர், ஊர் வேண்டாம்

பழக்கலாம், ஆனால் உங்கள் வீட்டில் வைத்து அல்ல. நம் நாட்டுப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அன்போடு வளர்த்திருப்பீர்கள், சந்தேகமே இல்லை. ஆனாலும் அது உங்களிடம் இருக்க முடியாது. (வெளிநாட்டுக் கிளி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: சன் கன்யூர், கிரே போன்றவற்றை 2024 விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.)

பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். எட்டு வருஷம் கிண்ணத்தில் தின்ற கிளிக்கு எந்த மரத்தில் எப்போது என்ன கிடைக்கும் என்று தெரியாது. சிறகில் பறக்கும் வலுவும் இருக்காது. மொட்டை மாடியிலிருந்து பறக்கவிட்டால் ஒன்று பசியில் சாகும், இல்லாவிட்டால் பூனைக்கோ பருந்துக்கோ இரையாகும். அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்துக்கு நீங்களே போய்ச் சொல்லி ஒப்படையுங்கள். பெரிய கூண்டில் பறக்கவும், கிளையில் தொங்கும் காயைப் பறித்துத் தின்னவும் பழகிய பிறகுதான் ஒரு கிளியை வெளியே விட முடியுமா என்றே பார்க்க வேண்டும். சில கிளிகளை விடவே முடியாது. அவற்றுக்கும் அங்கே இடம் உண்டு.

கொண்டுபோகும் நாளில் அது வழக்கமாக என்ன தின்னும், எந்த நேரத்தில் தின்னும், எதைத் தொடவே தொடாது என்று ஒரு தாளில் எழுதிக் கூடவே கொடுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் அதைச் சாப்பிட வைக்க அங்கே இருப்பவர்களுக்கு அந்தத் தாள் மிகவும் உதவும்.