படுத்தால் மூச்சு முட்டுவது ஏன்?

கேள்வி: இதயச் செயலிழப்பு உள்ள சிலருக்குக் கால் வீங்குகிறது, சிலருக்குப் படுத்தால் மூச்சு முட்டுகிறது. இந்த வேறுபாடு ஏன்? தினமும் எடை பார்க்கச் சொல்வது எதற்காக?
– செவிலியர் கல்லூரி மாணவி, குடியாத்தம்.

பதில்: இதயத்தின் இடது கீழறையால் இரத்தத்தைப் போதிய அளவு வெளியேற்ற முடியாதபோது, அழுத்தம் பின்னோக்கி நுரையீரல் நாளங்களில் ஏறி, நீர் காற்றுப்பைகளுக்குள் கசிகிறது, படுத்தவுடன் கால்களிலிருந்து திரும்பும் இரத்தமும் சேர்ந்துகொள்வதால், நோயாளி நள்ளிரவில் திணறி எழுந்து உட்காருகிறார். இதயத்தின் வலது பக்கம் தளர்ந்தால் தேக்கம் உடலின் சிரைகளில் (இதயத்துக்கு இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் நாளங்களில்) ஏற்படும்: கழுத்துச் சிரை புடைக்கும், கல்லீரல் வீங்கும், கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் சில வினாடிகள் அழுத்தி எடுத்தால் குழி அப்படியே நிற்கும். வலது பக்கத் தளர்ச்சிக்கு மிகப் பொதுவான காரணமே இடது பக்கத் தளர்ச்சிதான் என்பதால், பலரிடம் இரண்டையும் சேர்த்தே காண்பீர்கள்.

ஒரு லிட்டர் நீர் தேங்கினால் எடை ஒரு கிலோ ஏறும். வீக்கம் கண்ணுக்குத் தெரியும் முன்பே எடைக்கருவி அதைக் காட்டிவிடும். காலையில் சிறுநீர் கழித்தபின், உணவுக்கு முன், அதே கருவியில் பார்க்க வேண்டும். 3 நாட்களுக்குள் 2 கிலோவுக்கு மேல் கூடினால் மருத்துவரிடம் உடனே தெரிவியுங்கள்.

தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் ஃபுரோசமைடு மருந்தைப் பெறுபவருக்கு இரத்தத்தில் பொட்டாசியம் குறையலாம். அந்தப் பரிசோதனை முடிவையும் கவனியுங்கள். "உப்பைக் குறையுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்புவது, என் கருத்தில், பாதி வேலைதான். நம் வேலூர்ப் பக்கத்து வீடுகளில் கருவாட்டுக் குழம்பு, ஊறுகாய், அப்பளம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்டால்தான் உண்மையான அளவு தெரியவரும். அதையும் சமைப்பவரிடம் கேளுங்கள்.