'பரிசீலனையில் உள்ளது' என்ற பதிலுக்கு மேல் என்ன செய்வது?

இடுக்கி மலையில் உங்கள் சுகாதார நிலையத்தில் டாக்டர் இல்லை, எம்.எல்.ஏ சட்டசபையில் கேட்டும் "பரிசீலனையில் உள்ளது" என்று ஒற்றை வரிப் பதில்தான் வந்தது என்று எழுதியிருந்தீர்கள். கோளாறு கேள்வியில் இருக்கிறது. "டாக்டரை நியமிக்க நடவடிக்கை எடுக்கப்படுமா?" என்று கேட்டால் வேறென்ன சொல்வார்கள்?

கணக்கு கேட்கச் சொல்லுங்கள். அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, எந்தத் தேதியிலிருந்து காலி, இந்த நிதியாண்டில் ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு. இதற்கு நட்சத்திரக் குறி இல்லாத கேள்வியே போதும்; எழுத்தில் பதில் வரும். நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் எழுந்து பதில் சொல்வார், துணைக்கேள்வியும் கேட்கலாம். ஆனால் கேள்வி நேரம் ஒரு மணி நேரம்தான், பல கேள்விகளுக்கு வாய்ப்பே வராது.

இங்கே பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் ஒரு வாய்க்கால் பாலத்துக்கு இப்படித்தான் கேட்க வைத்தோம். பணம் எப்போதோ ஒதுக்கியாயிற்றாம், டெண்டர்தான் விடவில்லை! அதுவரை 'நிதி இல்லை' என்றே எங்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம், அது என்.எச்.எம் (தேசிய சுகாதார இயக்கம்) பணியிடமானால் நிதியில் 60 சதவீதம் மத்திய அரசுடையது. உங்கள் எம்.பி மக்களவையில் கேட்கலாம். 15 நாள் முன்பே நோட்டீஸ் தரவேண்டும். நியமனம் பற்றிக் கேட்டால் சுகாதாரம் மாநிலப் பட்டியல் என்று கைகழுவிவிடுவார்கள், நிதியை மட்டும் கேட்கட்டும்.

டாக்டர் கேட்டு அதிகாரிகளுக்கு மனு கொடுப்பதானால் தமிழிலேயே கொடுங்கள். அரசியலமைப்பின் 350-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது.