தண்ணீர்த் தொட்டிக்கு ஓர் ஊர்

கேள்வி: அமெரிக்காவில் பல சிற்றூர்களை ரயில் கம்பெனிகளே உண்டாக்கின என்கிறார்களே, நிஜமா? அப்படியானால் அவை ஏன் பாழாய்ப் போயின?

பதில்: நிஜம்தான். லோகோ ஷெட்டில் பாய்லர் ஃபிட்டராகக் காலம் தள்ளிய எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. நீராவி இன்ஜின் கரி தின்பதைவிடப் பல மடங்கு தண்ணீர் குடிக்கும். அதனால் வழி நெடுகத் தொட்டி வேண்டும். ஏறக்குறைய நூறு மைலுக்கு ஒரு தடவை இன்ஜினும் ஆட்களும் மாற வேண்டும். தொட்டி இருந்தால் அதைப் பார்த்துக்கொள்ள ஆள், ஆள் இருந்தால் அவனுக்குக் கடை, கடை வந்தால் ஊர்.

இதில் நில வியாபாரமும் கலந்திருந்தது. 1862-ல் லிங்கன் கையெழுத்திட்ட பசிபிக் ரயில்வே சட்டம், பாதை போடும் கம்பெனிகளுக்கு வழியோர நிலத்தைச் சும்மாவே கொடுத்தது. மனை விற்றால் கைக்குக் காசு. குடியேறியவன் விளைவிப்பதை ஏற்றினால் சரக்குக் கூலி. எனவே ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு ஊர் ஊராக அளந்து போட்டார்கள்: தண்டவாளத்தை ஒட்டி ஸ்டேஷன், அதற்கு நேர்குத்தாக ஒரு கடைத்தெரு. பெயர் வைக்கக்கூட ரொம்ப மெனக்கெடவில்லை. நெப்ராஸ்கா மாநிலத்தில் பர்லிங்டன் ரயில் கம்பெனி போட்ட பாதையைப் பாருங்கள்: கிரீட், டார்செஸ்டர், எக்ஸிட்டர், ஃபேர்மாண்ட், கிராஃப்டன், ஹார்வர்ட், இன்லண்ட், ஜூனியாட்டா, கெனெசா, லோவல். ஆங்கிலத்தில் எழுதினால் C முதல் L வரை அகரவரிசை! நடுவில் வரிசை தப்பிய ஊரும் உண்டு, அது வேறு கதை.

டீசல் வந்ததும் கதை முடிந்தது. 1950-கள் முடிவதற்குள் நீராவி ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. தண்ணீர் பிடிக்க வேண்டாம், சாம்பல் தள்ள வேண்டாம், பாய்லர் கழுவ வேண்டாம். ரயில் நிற்கக் காரணமில்லாத ஊரில் மனிதனுக்கும் காரணமில்லாமல் போயிற்று. எங்கள் தொழிலையும் அதே டீசல்தான் தின்றது என்பதால் இதை நான் நடுநிலையோடு எழுதுவதாக நினைக்க வேண்டாம்.

கேள்வி: பழைய ஸ்டேஷனை அரசின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டால் அதை யாரும் இடிக்க முடியாதல்லவா?

பதில்: இடிக்கலாம். நியூயார்க்கின் பென் ஸ்டேஷனை 1963-ல் இடிக்கத் தொடங்கியபோது எழுந்த கூச்சல், 1966-ல் வரலாற்று இடங்களைக் காக்கும் தேசியச் சட்டம் வர ஒரு காரணமாக இருந்தது. ஆனால் அந்தச் சட்டத்தின் தேசியப் பதிவேடு, அதாவது நீங்கள் சொல்லும் பட்டியல், கௌரவம்தான், காவல் அல்ல. மத்திய அரசின் பணமோ அனுமதியோ சம்பந்தப்படாதவரை தனியார் தன் கட்டடத்தை இடிப்பதை அது தடுக்காது. பல் உள்ளது உள்ளூர் சட்டம். அதே நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு மேலே கோபுரம் எழுப்ப பென் சென்ட்ரல் ரயில் கம்பெனி கேட்டது, நகராட்சி மறுத்தது, வழக்கு போனது. 1978-ல் உச்ச நீதிமன்றம் நகராட்சி பக்கமே தீர்ப்புச் சொன்னது. பித்தளைப் பலகைக்கு அலைவதற்கு முன் நகர்மன்றத்தைப் பிடியுங்கள் என்பேன்.

கேள்வி: பழையபடியே இருக்கும் ரயில் ஊர் ஒன்றைச் சொல்லுங்களேன்.

பதில்: நெவாடா மாநிலத்து ஈலி. ஜனத்தொகை சுமார் 4,000. ரூத் சுரங்கத்துச் செம்பு தாதுவை மெக்கில் உருக்காலைக்குக் கொண்டுபோகவும், செம்பை வெளியே அனுப்பவும் போட்டதுதான் நெவாடா நார்தர்ன் பாதை. 1906-ல் ஊரைத் தொட்டது. கம்பெனி பழைய ஈலிக்குக் கிழக்கே தனக்கென்று புது ஊரே போட்டு, யார்டையும் ஒர்க்ஷாப்பையும் அங்கே கட்டிக்கொண்டது. பயணிகள் ரயில் 1941-ல் நின்றது. 1983-ல் உருக்காலை மூடியதும் சரக்கும் நின்றது.

பிறகு நடந்ததுதான் விசேஷம்: ஒன்றும் நடக்கவில்லை. ஒதுக்குப்புறமான இடம், எடுத்துப் போட்டு விற்க ஆளில்லை. 1986-ல் சுரங்கத்துக்கும் பாதைக்கும் சொந்தக்காரரான கென்னகாட் கம்பெனி இன்ஜின், ஷெட், கடைசல் இயந்திரம், அலுவலகக் காகிதம் எல்லாவற்றையும் ஊர்க்காரர்களின் அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டது. என்னைக் கேட்டால் இன்ஜினைவிட அந்தக் காகிதம்தான் சொத்து. எங்கள் ஷெட்டில் ரிப்பேர்ப் பதிவேடுகளைப் பழைய பேப்பர்க்காரனுக்கு எடைக்குப் போட்டதைக் கண்ணால் பார்த்தவன் நான். எந்த பாய்லரில் எந்தக் குழாய் எப்போது மாற்றினோம் என்பது அதோடு போயிற்று. பெயிண்ட் அடித்து நிறுத்திய இன்ஜினுக்கு அது தேவைப்படாது. ஓடுகிற இன்ஜினுக்கு உயிர்.

ஈலியில் ஓடுகிறது. 1910-ல் பால்ட்வின் கம்பெனி செய்த 40-ஆம் எண் இன்ஜின் அங்கே பிரபலம். மேலாளர் கண்ணில் படாமல் தொழிலாளிகள் அதை மறைத்து வைத்ததால்தான் உடைப்புக்குப் போகவில்லை என்று ஊரில் கதை சொல்வார்கள். எனக்கு நம்பப் பிடிக்கிறது. ஒர்க்ஷாப்பில் பல வருஷம் ஒரு பூனையும் இருந்தது. கரியிலும் கிரீஸிலும் புரண்டு புரண்டு செம்மஞ்சள் நிறமே அழுக்கேறியதால் ‘டர்ட்’ (அழுக்கு) என்று பெயர். ரயிலைவிட அதைப் பார்க்க வந்த கூட்டம் உண்டாம். 2006-ல் மொத்த வளாகமும் தேசிய வரலாற்றுச் சின்னம் ஆனது.

கேள்வி: நூறு வருஷ பாய்லரில் ஜனங்களை ஏற்றுவது ஆபத்தில்லையா?

பதில்: கவனிக்காவிட்டால் ஆபத்துதான். அதனால்தான் அமெரிக்காவில் நீராவி இன்ஜின் 1,472 நாள் வேலை செய்தால், அல்லது 15 வருஷம் ஆனால், எது முந்துகிறதோ அப்போது பாய்லரைப் பிரித்து மேய வேண்டும் என்று மத்திய விதி. உள்ளே குழாய்களை உருவி, தகட்டின் கனத்தை அளந்து, கணக்குப் போட்டுக் காட்டினால்தான் மறுபடி நெருப்பு மூட்டலாம். செலவு கண்ணைக் கட்டும். அதைச் சமாளிக்கத்தான் ஈலியில் பணம் கட்டினால் உங்களையே ரெகுலேட்டரை (நீராவியைத் திறந்துவிடும் கைப்பிடியை) பிடித்து ஓட்ட விடுகிறார்கள், பக்கத்தில் ஒரு டிரைவரை நிறுத்தி வைத்துக்கொண்டு.