இந்திய அருங்காட்சியகங்களை மாநிலம் மாநிலமாகப் பார்க்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

நான் தக்கலைக்காரன். எங்கள் ஊரில் 'மாநிலம் மாநிலமாக' என்ற கணக்கு சரிப்பட்டு வராது. பத்மநாபபுரம் அரண்மனை இருப்பது கன்னியாகுமரி மாவட்டத்தில். பராமரிப்பதோ கேரளத் தொல்லியல் துறை. 1956இல் எல்லை பிரித்தபோது நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம், அரண்மனையின் பொறுப்பு அந்தப் பக்கமே இருந்துவிட்டது. அதனால் மாநில எல்லையை விட்டுவிட்டு, ஒரு பழைய ராஜ்யத்தையோ ஒரு ஆற்றங்கரையையோ பிடித்துக்கொள்ளுங்கள். பொருள்கள் பிறந்த இடங்களை முதலில் பாருங்கள். அவற்றைச் சேர்த்து வைத்திருக்கும் பெரிய நகரத்து அருங்காட்சியகம் கடைசியில் இருக்கட்டும்.

திருவிதாங்கூரையே எடுத்துக்கொள்வோம். தொடக்கம் பத்மநாபபுரம். காலையில் திறந்ததும் போய்விடுங்கள், திங்கட்கிழமை விடுமுறை. செருப்பை வாசலிலேயே விட்டுவிட வேண்டும், அதுவும் நல்லதுக்குத்தான். ராஜா மந்திரிகளோடு ஆலோசனை செய்த மந்திரசாலையில் நிற்கும்போது அந்தக் கறுப்புத் தரையின் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறும். சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துப் போட்ட தரை என்பார்கள். ஜன்னலில் பதித்த வண்ண மைக்கா வழியாக வரும் வெளிச்சம் அதன் மேல் விழுவதைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கூட்டத்தோடு ஓடினால் இது கண்ணில் படாது. உப்பரிகை மாளிகையின் மேல்மாடிச் சுவரோவியங்களை எப்போதும் திறந்து காட்டுவதில்லை. அது கிடைக்கவில்லை என்று மனசு விட வேண்டாம்.

அப்புறம் பக்கத்திலேயே புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. உள்ளே டிலனாயின் கல்லறை இருக்கிறது. 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவிடம் சிறைப்பட்டவர் அவர், டச்சுக் கம்பெனிப் படையைச் சேர்ந்தவர். பிறகு அதே ராஜாவின் படைக்குப் பயிற்சி கொடுத்துத் தளபதியானார். 1777இல் இறந்தார். கல்லறைக் கல்லில் தமிழிலும் லத்தீனிலும் எழுதியிருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்காத இப்படி ஒரு கல்வெட்டை நான் மிகவும் மதிக்கிறேன்.

அடுத்து திருவனந்தபுரம். குதிரமாளிகை அரண்மனையின் இறவாரத்தில் வரிசையாக நிற்கும் 122 மரக்குதிரைகள், 1880இல் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் சிஷோம் கட்டி முடித்த நேப்பியர் அருங்காட்சியகம், அதே வளாகத்தில் ரவிவர்மா ஓவியங்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

அங்கிருந்து வடக்கே காயங்குளம். மார்த்தாண்ட வர்மா 1746இல் பிடித்த ஊர். அங்கே கிருஷ்ணபுரம் அரண்மனையில் 'கஜேந்திர மோட்சம்' சுவரோவியம் இருக்கிறது, ஏறக்குறைய 14 அடிக்கு 11 அடி. குளத்துப் பக்கத்து வாசலில் வரைந்திருக்கிறார்கள். குளித்து ஏறி வரும் ராஜா முதலில் தொழுவது அந்தத் திருமாலைத்தான். ஓவியம் ஏன் அந்தச் சுவரில் என்பது அங்கே நின்றால்தான் புரியும். பெயர்த்து எடுத்து வேறெங்காவது வைத்திருந்தால் பாதி போயிருக்கும்.

இதே முறையில் அடுத்து கிருஷ்ணா நதிக்கரைக்குப் போகலாம். அமராவதியில் முதலில் மகாசைத்தியம் என்ற பெரிய பௌத்தத் தூபி நின்ற இடத்தையும் அங்குள்ள சிறிய அருங்காட்சியகத்தையும் பாருங்கள். பிறகு நாகார்ஜுனகொண்டா. அணை நீர் வருவதற்கு முன் தோண்டி எடுத்தவற்றைத் தீவில் வைத்திருக்கிறார்கள். படகில்தான் போக வேண்டும். கடைசியாகச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகம். அமராவதிச் சிற்பங்களில் பெரிய பகுதி அங்கேதான் வந்து சேர்ந்தது, இன்னொரு பகுதி லண்டனுக்குப் போய்விட்டது. அமராவதி மண்ணைப் பார்க்காமல் எழும்பூருக்குப் போகிறவர்களுக்கு அது வெறும் சிற்பக் கூடம். பார்த்துவிட்டுப் போனால், எந்தப் பலகை தூபியில் எந்த இடத்தில் இருந்திருக்கும் என்று கண் தானாகத் தேடும்.

டெல்லி தேசிய அருங்காட்சியகத்தையும் கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தையும் தயவுசெய்து தொடக்கத்தில் வைக்காதீர்கள். நாலைந்து பகுதிகளை இப்படி நடந்து பார்த்த பிறகு போங்கள். கொல்கத்தாவில், மத்தியப் பிரதேசத்துப் பார்குத் என்ற ஊரின் பௌத்தத் தூபியின் கல்வேலி இருக்கும் கூடத்துக்கு மட்டுமே ஒரு காலைப்பொழுதை ஒதுக்கலாம்.