மகன் வாங்கிய கேம் ஹேக், அப்பாவின் ஜிபே கணக்கு, வாட்ஸ்அப்பில் வந்த நோட்டீஸ்

கேள்வி: சேலம் சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். மகன் பிளஸ் ஒன் படிக்கிறான், வயது 16. அம்மாவின் போனில் ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை கேம் விளையாடுவான். மூன்று மாதத்துக்கு முன் ஒரு டெலிகிராம் குரூப்பில் 1,500 ரூபாய் கொடுத்து ‘ஹேக்’ வாங்கியிருக்கிறான். சுவருக்குப் பின்னால் நிற்பவனைக் காட்டுமாம், குறி தானாகப் போய் நிற்குமாம். போன மாதம் அவன் ஐடியை 10 வருடத்துக்கு பேன் (தடை) செய்துவிட்டார்கள். ஸ்கின் (கேமில் வரும் ஆளுக்கும் ஆயுதத்துக்கும் போடும் அலங்காரம்), துப்பாக்கி என்று அதில் 18,000 ரூபாய் போட்டிருந்தான். அதோடு விடவில்லை. வகுப்பு நண்பர்கள் ஆறு பேருக்கும் அதே ஹேக்கை வாங்கிக் கொடுத்திருக்கிறான். ஆளுக்கு 1,800 என் ஜிபேவுக்கு வந்து, அதில் 1,500 குரூப்காரனுக்குப் போயிருக்கிறது. பட்டறை வரவு செலவோடு கலந்து போனதால் நான் கவனிக்கவில்லை. இப்போது கேம் கம்பெனியின் வக்கீல் என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் நோட்டீஸ் அனுப்பி, 40,000 ரூபாய் கட்டாவிட்டால் மகனைக் கைது செய்வார்கள் என்கிறார். கட்டிவிடலாமா? 18,000 திரும்பக் கிடைக்குமா?

பதில்: கட்டாதீர்கள். ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

வக்கீல் நோட்டீஸ் என்றால் அதில் வக்கீலின் பெயர், அலுவலக முகவரி, யார் சார்பில் அனுப்புகிறார், என்ன காரணம், பதில் சொல்ல எத்தனை நாள் என்பதெல்லாம் இருக்கும். வழக்கமாகப் பதிவுத் தபாலில் வீட்டுக்கு வரும். க்யூஆர் கோடு போட்டு, இன்று மாலைக்குள் பணம் அனுப்பு என்று எந்த வக்கீலும் கேட்கமாட்டார். கைது செய்யும் அதிகாரமும் வக்கீலுக்குக் கிடையாது. போலீஸேகூட, 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் வழக்கமாக முதலில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (குற்ற வழக்கு நடைமுறைச் சட்டம்) 35(3)-இன்கீழ் நோட்டீஸ் கொடுத்துத்தான் கூப்பிட வேண்டும். அந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லிவிட்டது.

மகன் ஹேக் வாங்கியதும், அவன் பெயரும், உங்கள் எண்ணும் யாருக்குத் தெரியும்? விற்றவனுக்குத் தெரியும். நோட்டீஸ் அங்கிருந்துதான் வந்திருக்கும் என்பது என் கணிப்பு. அப்படிப் பயமுறுத்திப் பணம் கேட்பது பாரதிய நியாய சன்ஹிதா (தண்டனைச் சட்டம்) 308-இன்கீழ் குற்றம். மிரட்டிப் பணம் பறித்தால் 7 ஆண்டு வரை சிறை. ஆகவே இந்த விஷயத்தில் புகார் கொடுக்க வேண்டியவர் நீங்கள்.

என்னைக் கவலைப்பட வைப்பது உங்கள் ஜிபேவில் இருக்கும் அந்த ஆறு வரவுகள்தான்.

ஹேக்கைப் பயன்படுத்துவது வேறு, விற்பது வேறு. உலகம் முழுக்க வழக்குகள் இந்தக் கோட்டில்தான் பிரிகின்றன. அமெரிக்காவில் ஆக்டிவிஷன் கம்பெனி, எஞ்சின்ஓனிங் என்ற ஹேக் விற்பனைக் கூட்டத்தின் மேல் வழக்குப் போட்டு, 2024-ல் சுமார் 1.44 கோடி டாலர் இழப்பீட்டுக்குத் தீர்ப்பு வாங்கியது. அதே ஆண்டு சியாட்டிலில் பங்கி கம்பெனி தொடுத்த வழக்கில் ஜூரி கொடுத்தது 63,210 டாலர். அங்கும் மாட்டியது ஹேக் விற்றவர்கள்தான். தென்கொரியா 2016-ல் சட்டத்தையே திருத்தியது: பரப்புவதற்காக ஹேக் தயாரித்தாலும், பரப்பினாலும் குற்றம். சும்மா விளையாடியவன் மேல் கம்பெனிகள் பெரும்பாலும் வழக்குக்குப் போவதில்லை. பேன் செய்வதோடு முடித்துக்கொள்வார்கள். ஒரு விதிவிலக்கு உண்டு. 2017-ல் ஃபோர்ட்நைட் கேமின் எபிக் கம்பெனி 14 வயதுப் பையன் ஒருவன் மேல் வழக்குப் போட்டது. அவன் ஹேக்கை யூடியூபில் காட்டிப் பரப்பியதும், வீடியோவை எடுக்கச் சொன்னபோது எதிர்த்ததும்தான் காரணம். அவன் அம்மா நேராக நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதி வாதாடினார்.

நம் நாட்டில் கேம் ஹேக்குக்கென்று தனிச் சட்டம் இல்லை. 2025-ல் வந்த ஆன்லைன் கேமிங் சட்டம் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத் தடை செய்வது. உங்கள் பிரச்சினை அதற்குள் வராது. பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம் 65ஏ, பாதுகாப்புப் பூட்டை உடைப்பதற்கு 2 ஆண்டு வரை சிறை என்கிறது. ஆனால் உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்திருக்க வேண்டும் என்று சேர்த்தே சொல்கிறது. விளையாட்டில் ஜெயிக்க நினைத்த பையன் மேல் அதை நிரூபிப்பது சிரமம். கம்பெனி வேகமாகக் கையில் எடுக்கக்கூடியது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43, 66: கணினி அமைப்பில் அனுமதியின்றி நேர்மையற்ற நோக்கத்தோடு கை வைத்தால் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். அதிலும் லாபத்துக்கு விற்றவன் நிலைமைதான் மோசம்.

உங்கள் மகனுக்கு 18 ஆகவில்லை. இந்த அளவுக் குற்றத்துக்கு அவன் மேல் பொதுவாக எஃப்ஐஆர் போடக்கூடாது, லாக்கப்பில் வைக்கக்கூடாது. விஷயம் இளைஞர் நீதிக் குழுமத்துக்குத்தான் போகும். சரி, உங்களுக்கு அந்தப் பாதுகாப்பு உண்டா? இல்லை. ஆறு பையன்களில் ஒருவன் போனில் அந்த ஏபிகே (ஹேக் வந்த ஆப் ஃபைல்) வழியாக வங்கிப் பணம் போய்விட்டது என்று வையுங்கள். அவன் அப்பா புகார் கொடுத்தால் போலீஸ் கண்ணில் முதலில் படுவது 1,800 ரூபாய் போன கணக்கின் பெயர். அது உங்கள் பெயர். உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பதைக் கடைசியில் நிரூபித்துவிடலாம். ஆனால் அதற்குள் கணக்கு முடங்கினால் வெள்ளி எப்படி வாங்குவீர்கள், ஆட்களுக்குக் கூலி எப்படிக் கொடுப்பீர்கள்?

ஆகவே இந்த வாரமே அந்த ஆறு வீடுகளுக்கும் நீங்களே மகனோடு போங்கள். நடந்ததைச் சொல்லி, ஆளுக்கு 1,800 முழுதாக ஜிபேயிலேயே திருப்பிக் கொடுங்கள். கையில் கொடுத்தால் ரெக்கார்டு இருக்காது. குறிப்பில் ‘திருப்பிக் கொடுத்தது’ என்று எழுதுங்கள். மொத்தம் 10,800 ஆகும். பட்டறைக்காரருக்கு அது சின்னத் தொகை இல்லை என்று தெரியும். இருந்தாலும் 40,000-ஐ மிரட்டுபவனுக்குக் கொடுப்பதைவிட இந்தப் பணம்தான் உங்களைக் காப்பாற்றும். அப்புறம், ஹேக்கை அழித்துவிட்டு யுபிஐ பின் நம்பர்களை மாற்றச் சொல்லி அந்தப் பெற்றோரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

18,000 விஷயத்துக்கு வருகிறேன். மைனர் செய்த ஒப்பந்தம் செல்லாது என்பது 1903-ல் மோஹரி பீவி வழக்கில் பிரிவி கவுன்சில் (ஆங்கிலேயர் கால உச்ச மேல்முறையீட்டு மன்றம்) சொன்னது, இன்றும் அதுதான் சட்டம். அதை வைத்துப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமே என்று தோன்றும். ஆனால் போன் உங்கள் மனைவியுடையது, யுபிஐ பின்னும் அவருடையது. வாங்கியது பெரியவர்தான் என்று கம்பெனி சொல்லும். ஒப்பந்தமே செல்லாது என்று வாதாடினால், விளையாடும் உரிமையும் அந்த ஒப்பந்தத்தில் வந்ததுதான், அதுவும் போய்விடும். ஸ்கின்கள் ஏற்காட்டில் எடுத்த லாட்ஜ் ரூம் மாதிரி: வாடகை கொடுத்தீர்கள், ரூம் உங்களுடையது ஆகாது. தவறே செய்யாத ஐடியை பேன் செய்திருந்தால் நானே உங்களைச் சேலம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகச் சொல்லியிருப்பேன். 5 லட்சம் வரை அங்கே கட்டணமும் இல்லை. உங்கள் மகன் உண்மையிலேயே ஹேக் பயன்படுத்தியிருக்கிறான். அந்தப் பணத்தை விட்டுவிடுங்கள்.

ஹேக் இருக்கும் மனைவியின் போனை இன்றே நெட்டிலிருந்து துண்டியுங்கள். வேறொரு போனிலிருந்து வங்கிப் பாஸ்வேர்டு, யுபிஐ பின் இரண்டையும் மாற்றுங்கள். போனை ரீசெட் செய்யும் அவசரத்தில் சாட் பதிவுகளை அழித்துவிடாதீர்கள். டெலிகிராம் உரையாடல், வாட்ஸ்அப் நோட்டீஸ், அந்த எண், க்யூஆர் கோடு எல்லாவற்றையும் முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறிடத்தில் வையுங்கள். பிறகு சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்தோ, தேசிய சைபர் குற்றப் போர்ட்டலிலோ மிரட்டலைப் பற்றிப் புகார் பதியுங்கள். கம்பெனி உண்மையிலேயே நோட்டீஸ் அனுப்பினால் அது வழக்கமாகக் காகிதமாக வரும். அன்றைக்கு அஸ்தம்பட்டி கோர்ட்டுக்கு வந்து ஒரு வக்கீலைப் பாருங்கள். கடந்த 6 மாத வங்கி ஸ்டேட்மென்டும் புகார் ரசீதும் கையில் இருக்கட்டும். மகனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். வக்கீல் கேட்கும்போது நடந்ததை அவன் வாயாலேயே சொல்லவேண்டும்.