பரிந்துரைக் கடிதத்துக்கு யாரைக் கேட்பது? ஒரு ப்ரீமெட் மாணவியின் அம்மாவுக்கு

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கப் போகும் உங்கள் மகள் யாரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்குவது என்று எழுதியிருந்தீர்கள். குடும்ப நண்பரான இதயநோய் நிபுணரிடம் வாங்கலாமா என்று நீங்கள் கடைசியில் கேட்டிருப்பதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அவரிடம் வாங்க வேண்டாம். அவர் எவ்வளவு பெரிய மருத்துவமனையில் எந்தப் பதவியில் இருந்தாலும் சரி. பொங்கல் விழாவிலும் பிறந்தநாள் விருந்திலும் பார்த்த பெண்ணைப் பற்றி அவர் என்ன எழுதுவார்? நல்ல பெண், நல்ல குடும்பம், நன்றாகப் படிப்பாள். இப்படிக் குடும்ப நண்பர்களும் உறவினர்களும் எழுதும் கடிதம் வேண்டாம் என்று அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் பலவும் வெளிப்படையாகவே சொல்லியிருக்கின்றன.

ஊரில் மார்க்கையும் ரேங்க்கையும் வைத்தே சீட் வாங்கிய தலைமுறை நாம். அதனால் கடிதம் என்றதும், யாருக்குச் செல்வாக்கு அதிகம் என்றுதான் மனம் தேடுகிறது. இங்கே அந்தக் கடிதத்தைப் படிப்பவர்கள் தேடுவது வேறு. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம், கடிதம் எழுதுபவர்களுக்கென்றே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. மாணவரை எவ்வளவு காலமாகத் தெரியும், எந்த முறையில் தெரியும், எழுதுவது நேரில் பார்த்ததா என்று அது கேட்கிறது. மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டால் யாரோடு ஒப்பிடுகிறீர்கள் என்றும் சொல்லச் சொல்கிறது. இந்தக் கேள்விகளுக்கு உங்கள் மகளை வைத்து விவரமாகப் பதில் சொல்ல யாரால் முடியும்? அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

எத்தனை கடிதம், யாரிடம் என்ற கணக்கு கல்லூரிக்குக் கல்லூரி மாறும். அறிவியல் பேராசிரியர் இருவர், அறிவியல் அல்லாத பாடத்தில் ஒருவர் என்பது பல இடங்களில் வழக்கம். பல மருத்துவக் கல்லூரிகளுக்கும் சேர்த்து அனுப்பும் பொது விண்ணப்பமான ஆம்காஸில் பத்துக் கடிதங்கள் வரை சேர்க்கலாம் என்பதற்காகப் பத்தையும் நிரப்ப வேண்டியதில்லை. நல்லதாக நான்கைந்து இருந்தால் போதும். டெக்சஸ் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தனி விண்ணப்பம். அங்கே மூன்று கடிதம், விரும்பினால் இன்னும் ஒன்று.

சிக்கல் அறிவியல் பேராசிரியர்களிடம்தான். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி வகுப்பில் நூற்றுக்கணக்கான பேர். உங்கள் மகள் 'ஏ' வாங்கியிருக்கிறாள். ஆனால் பேராசிரியருக்கு அவள் முகம் தெரியாது. அவர் எழுதினால், 'என் வகுப்பில் ஏ வாங்கினாள்' என்று மதிப்பெண் பட்டியலில் ஏற்கெனவே இருப்பதைத்தான் எழுதுவார். முதல் மிட்டெர்மில் சறுக்கி, மாணவர்களைச் சந்திக்கப் பேராசிரியர் ஒதுக்கும் ஆஃபீஸ் ஹவர்ஸுக்கு வாராவாரம் போய்ச் சந்தேகம் கேட்டு, கடைசியில் 'பி பிளஸ்' வாங்கிய பாடம் ஏதாவது உண்டா? அந்தப் பேராசிரியருக்கு எழுத நிறைய இருக்கும். நம் பிள்ளைகளில் பலர் ஆஃபீஸ் ஹவர்ஸ் பக்கமே போவதில்லை. சந்தேகம் கேட்டால் ஆசிரியர் நம்மைக் குறைவாக நினைப்பார் என்று வீட்டிலேயே நாம் பழக்கிவிட்டோமோ என்று எனக்குத் தோன்றும். இந்த செமஸ்டரிலிருந்தாவது போகச் சொல்லுங்கள்.

பேராசிரியரைவிட லேபில் கூடவே நின்ற டிஏவுக்கு (பாடம் நடத்த உதவும் மூத்த மாணவர்) அவளை நன்றாகத் தெரியும் என்றால், டிஏ எழுதி, பேராசிரியர் சேர்ந்து கையெழுத்திடும் வழக்கம் உண்டு. ஆராய்ச்சிக் கூடத்திலும் இப்படித்தான். தினமும் கூட வேலை செய்தது போஸ்ட்டாக், அதாவது பிஎச்டி முடித்த ஆராய்ச்சியாளர். கையெழுத்து லேப் தலைவருடையது. இருவரிடமும் பேசி ஒரே கடிதமாக வாங்குவது நல்லது.

ஷேடோயிங்குக்காக அவள் கூடப் போய்ப் பார்த்த மருத்துவரைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஷேடோயிங்கில் மாணவி ஓரமாக நின்று பார்ப்பதோடு சரி. அவர் எழுத அதிகம் இருக்காது. அவரிடமே நோயாளிக் குறிப்புகளை எழுதும் ஸ்க்ரைபாக ஒரு வருடம் வேலை பார்த்திருந்தால் கதை வேறு. எம்டிக்குப் பதிலாக டிஓ என்ற மருத்துவப் பட்டம் தரும் ஆஸ்டியோபதிக் கல்லூரிகளுக்கும் விண்ணப்பிக்கிறாள் என்றால், அவற்றில் பல மருத்துவர் ஒருவரின் கடிதத்தை எதிர்பார்க்கும். அவர் டிஓ என்றால் இன்னும் நல்லது. வாழ்வின் இறுதிக் கட்டத்தில் இருப்பவர்களைப் பராமரிக்கும் ஹாஸ்பிஸில் அவள் தன்னார்வலராக இருக்கிறாள் என்றீர்களே, அங்குள்ள ஒருங்கிணைப்பாளரை நான் பட்டியலில் மேலே வைப்பேன். பரதநாட்டிய ஆசிரியர், தமிழ்ப் பள்ளி முதல்வர்? கல்லூரிக் காலத்திலும் அங்கே அவள் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தால் கூடுதல் கடிதமாக ஒன்று வைக்கலாம். அரங்கேற்றத்தோடு நின்றிருந்தால் வேண்டாம்.

கேட்பது அவளாகத்தான் இருக்க வேண்டும். நீங்கள் பேராசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பினால் காரியம் கெடும். நேரில் போய், 'எனக்கு வலுவான கடிதம் எழுத உங்களால் முடியுமா?' என்று அவள் கேட்கட்டும். 'வலுவான' என்பதை விட்டுவிடக் கூடாது. அவர் தயங்கினாலோ, 'நேரம் கிடைத்தால் பார்க்கிறேன்' என்றாலோ, நன்றி சொல்லிவிட்டு வேறொருவரிடம் போவதே நல்லது. ஒப்புக்கொண்டால் ரெஸ்யூமே, பர்சனல் ஸ்டேட்மென்ட் (விண்ணப்பத்துக்காகத் தன்னைப் பற்றி எழுதும் கட்டுரை) வரைவு, கடைசித் தேதி எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் கொடுத்துவிட வேண்டும். அவரிடம் படித்தபோது நடந்த இரண்டு மூன்று சம்பவங்களை அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் அவருக்கு எழுதுவது சுலபம். லெட்டர்ஹெட்டும் கையெழுத்தும் கட்டாயம் என்று நினைவுபடுத்த வேண்டும். வெள்ளிக் குத்துவிளக்கு எதுவும் கொடுத்தனுப்பாதீர்கள். முடிந்ததும் ஒரு நன்றிக் கடிதம் போதும்.

கடிதத்தைப் பார்க்கும் உரிமை மாணவருக்கு 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி உண்டு. அதை விட்டுக்கொடுப்பதாக ஒப்புதல் தந்துவிடச் சொல்லுங்கள். மாணவர் பார்ப்பார் என்று தெரிந்து எழுதிய கடிதத்தை யாரும் முழுதாக நம்புவதில்லை.

அவள் கல்லூரியில், மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களுக்கான ப்ரீமெட் கமிட்டி இருக்கிறதா என்று இந்த வாரமே விசாரிக்கச் சொல்லுங்கள். கமிட்டியே மாணவரை நேர்காணல் செய்து, தனிக் கடிதங்களையும் திரட்டி, தன் கடிதத்தோடு அனுப்பும் கல்லூரிகள் உண்டு. அவை விண்ணப்பம் தொடங்குவதற்குப் பல மாதங்கள் முன்பே பெயர் பதியச் சொல்லும். கமிட்டி இருந்தும் அதன் கடிதம் இல்லாமல் போனால், ஏன் என்று மருத்துவக் கல்லூரி கேட்கும்.

ஆம்காஸ் மே மாதம் திறக்கும். கடிதங்கள் வரவில்லை என்று விண்ணப்பத்தைப் பிடித்து வைக்க வேண்டாம்; அவை இல்லாமலே சமர்ப்பிக்கலாம், மதிப்பெண் சரிபார்ப்பும் நடக்கும். ஆனால் சமர்ப்பித்த பிறகு, கடிதம் எழுதுபவராகப் பதிவு செய்த ஒருவரை நீக்க முடியாது. புதிதாகச் சேர்க்கத்தான் முடியும். அதனால் ஒப்புக்கொள்ளாத யார் பெயரையும் முன்கூட்டியே போட்டுவைக்கக் கூடாது. பிப்ரவரியில் கேட்டு, ஒப்புக்கொண்டவரிடம் மே கடைசி என்று தேதி சொல்லி, ஏப்ரலில் ஒருமுறை பணிவாக நினைவூட்டட்டும். மே நடுவிலும் பதில் இல்லையென்றால் துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம். கூடவே, பட்டியலில் அடுத்து இருப்பவரிடம் அன்றே கேட்டுவிட வேண்டும்.