என் கணக்கு சரி, ஆனாலும் தூக்கம் வரவில்லை

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 42 வயது. திருவாரூர்ப் பக்கம் பிறந்தவள். 2008ல் கல்யாணமாகி சிங்கப்பூர் வந்தேன். கணவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். மாமனார் செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். நான் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். குடியுரிமை வாங்கிப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஒரே மகன், உயர்நிலை மூன்று படிக்கிறான். பொங்கோலில் வீவக என்னும் அரசு அடுக்குமாடி வீடு.

என் பிரச்சினை ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் ஆரம்பிக்கும். ஃபேஸ்புக்கில் வேலை, வெளிநாட்டு ஊழியர் என்று ஏதாவது செய்தி வந்தால் கீழே இருக்கும் கருத்துகளைப் படிக்காமல் என்னால் படுக்க முடிவதில்லை. "சீக்கா வந்த பிறகு இந்தியாக்காரர்கள் தடையே இல்லாமல் நுழைகிறார்கள்" என்று யாராவது எழுதியிருப்பார்கள். சீக்கா என்பது இந்தியாவும் சிங்கப்பூரும் செய்துகொண்ட பொருளியல் ஒத்துழைப்பு உடன்பாடு. கணக்குப் பார்த்துப் பிழைப்பவளுக்குத் தப்பான எண்ணைக் கண்டால் பொறுக்காது. உடன்பாடு கையெழுத்தானது 2005ல். 2021 ஜூலையில் நாடாளுமன்றத்தில் அமைச்சர்கள் விளக்கமே கொடுத்தார்கள். 2020ல் நிறுவனத்துக்குள்ளேயே மாற்றலாகி இங்கு வேலை பார்த்தவர்கள் எல்லா நாட்டவரையும் சேர்த்துச் சுமார் 4,200 பேர், அதில் சீக்கா வழியாக வந்தவர்கள் 500 பேர் அளவில்தான். இ-பாஸ் என்ற வெளிநாட்டு ஊழியர் வேலை அனுமதிக்கான குறைந்தபட்சச் சம்பள வரம்புகூட 2025 ஜனவரியில் 5,600 வெள்ளிக்கு ஏறிவிட்டது. இதையெல்லாம் கைப்பேசியில் தனியாகச் சேர்த்து வைத்திருக்கிறேன், கேட்டால் உடனே எடுத்துப் போடுவேன்.

யாரும் எண்ணுக்குப் பதில் எண் சொல்வதில்லை. "உன் பேரைப் பார்த்தாலே தெரிகிறது, ஊருக்குப் போ" என்கிறார்கள். அதற்குப் போட என்னிடம் சுட்டி எதுவும் இல்லை. விடியற்காலை இரண்டு மணிக்குப் படுத்தாலும் மனதுக்குள் வாசகம் எழுதிக்கொண்டே இருக்கிறேன்.

முகம் தெரியாதவர்களோடு நின்றிருந்தால் இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். கணவரின் அண்ணனுக்கு 53 வயது, அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். கணினித் துறையில் இருந்தவர், போன வருஷம் ஆட்குறைப்பில் வேலை போய்விட்டது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சீக்காவைப் பற்றி அதே பொய்க் கணக்கை அவரே அனுப்பினார். நான் வரிக்கு வரி எது தப்பு, எது சரி என்று பட்டியல் போட்டு அனுப்பினேன். ஒரு மணி நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மாமியார், "ஏம்மா, வீட்டுக்குள்ளயும் ஆடிட்டா?" என்று குரல் பதிவு போட்டார். அத்தான் குழுவை விட்டே வெளியேறிவிட்டார். தீபாவளிக்கும் வரவில்லை.

கணவர், "நீ சொன்னது சரிதான், ஆனா எதுக்கு?" என்கிறார். மகன் ஒருநாள், "அம்மா, நீ எழுதுறத என் கூட்டாளிங்க பாக்குறாங்க. உன்ன யாராவது திட்டினா நான் என்ன சொல்லணும்?" என்று கேட்டான். எனக்கு வாய் அடைத்துவிட்டது.

நான் பொய் எதுவும் எழுதவில்லை. 2025 மே 3ஆம் தேதி வரிசையில் நின்று ஓட்டுப் போட்டவள். நாட்டு நடப்பைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இல்லையா? வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் வழியா?

வாசகி, பொங்கோல்

*

அன்புள்ள சகோதரிக்கு,

உரிமை இருக்கிறது. எழுதுவதை நிறுத்தச் சொல்லி நான் சொல்லப்போவதில்லை. செயலியை அழித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நம்பவில்லை. மனதுக்குள் ஓடும் வாசகத்தை எந்தப் பொத்தானை அழுத்தி அழிப்பது?

உங்கள் கடிதத்தில் இரண்டு வழக்குகள் ஒன்றாகக் கட்டிக் கிடக்கின்றன. முதலாவது, சீக்கா வழியாக எத்தனை பேர் வந்தார்கள் என்பது. அதற்கு ஆதாரம் உண்டு, கையிலும் வைத்திருக்கிறீர்கள். இரண்டாவது, நீங்கள் இந்த ஊர்க்காரிதானா என்பது. "ஊருக்குப் போ" என்ற சொல் வந்து விழும்போது தூக்கம் போவது இந்த இரண்டாவது வழக்கினால்தான். அது ஏற்கெனவே முடிந்துபோன வழக்கு. நீங்கள்தான் ராத்திரி பத்து மணிக்கு முகம் தெரியாதவர்களிடம் மேல்முறையீடு கொண்டுபோகிறீர்கள்.

எதிரே இருப்பவர்கள் எல்லோரும் வெறுப்பைக் கக்கவே பிறந்தவர்களும் அல்ல. பெயர் மறைந்து, முகம் மறைந்து, எதிராளியின் கண்ணைப் பார்க்க வேண்டிய கட்டாயமும் இல்லாதபோது மனிதர்கள் நேரில் சொல்லத் துணியாததை எழுதிவிடுவார்கள் என்று ஜான் சூலர் என்ற உளவியலாளர் 2004லேயே விளக்கியிருக்கிறார். 2005ல் வெளிவந்த ஓர் ஆய்வு எனக்கு இன்னும் பிடித்தது. மின்னஞ்சலில் கேலியாக எழுதியதையும் நிஜமாக எழுதியதையும் படிப்பவர் பிரித்தறிந்துவிடுவார் என்று எழுதியவர்கள் நிச்சயமாக நம்பினார்கள். படித்தவர்கள் சரியாகச் சொன்னதோ பாதிக்குச் சற்று மேல்தான். பொறுமையாக விளக்குகிறோம் என்று நினைத்து நீங்கள் எழுதிய ஐந்து வரி, அந்தப் பக்கம் அதட்டலாகப் போய்ச் சேர்ந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. குடும்பக் குழுவிலும் இதே கதைதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதீர்கள். உங்கள் 500 சரியான எண். ஆனால் அது நிறுவனத்துக்குள் மாற்றலாகி வந்தவர்களின் எண். வழக்கமான இ-பாஸில் வருபவர்கள் அதில் சேர மாட்டார்கள். அவர்களைச் சீக்கா கொண்டுவரவில்லை என்பதும் உண்மை, அவர்கள் இங்கே இருக்கிறார்கள் என்பதும் உண்மை. ஐம்பது வயதில் வேலை போனவர் அடுத்த மேசையில் பார்ப்பது அவர்களைத்தான். அந்தக் கவலையை அரசாங்கமே வெறும் வதந்தி என்று தள்ளிவிடவில்லை. உள்ளூர்க்காரரை நியாயமாகப் பரிசீலிக்க வேண்டும் என்ற வேலை நியமன விதிமுறை 2014ல் வந்தது. 2023 செப்டம்பரிலிருந்து இ-பாஸுக்குப் புள்ளிமுறை. ஒரு நிறுவனத்தில் ஒரே நாட்டவர் குவிந்திருந்தால் அதில் புள்ளி குறையும். வேலையிட நியாயத்தன்மைச் சட்டம் 2025 ஜனவரியில் நிறைவேறியது. நீங்கள் அவரவர் பயத்துக்கு எண்ணால் பதில் சொல்கிறீர்கள். எண் சரியாக இருக்க இருக்க, கேட்பவருக்குத் தன்னைப் பொய்யன் என்று சொன்னதுபோலத்தான் படும்.

இப்போது அத்தானிடம் வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பாவமாகத் தோன்றியவர் அவர்தான். இங்கே பிறந்த தமிழர், தேசிய சேவை செய்திருப்பார். எம்ஆர்டி ரயிலில் அவர் பக்கத்தில் உட்காருபவருக்கு அவர் எங்கே பிறந்தவர் என்று எப்படித் தெரியும்? 2021 மே மாதம் சுவா சூ காங்கில் வேகநடை போய்க்கொண்டிருந்த 55 வயது இந்தியப் பெண் ஒருவர் இழிவாகத் திட்டப்பட்டு, நெஞ்சில் உதையும் வாங்கினார். அவர் சிங்கப்பூர்க் குடிமகள். ஏச்சும் உதையும் அடையாள அட்டையைக் கேட்டுவிட்டு வருவதில்லை. உங்கள் அத்தானும் எங்கோ அந்தச் சொல்லை வாங்கியிருக்கலாம். "நான் அவர்களில் ஒருவன் இல்லை" என்று காட்டிக்கொள்ள அதே சொல்லை அடுத்தவர்மீது எறிபவர்களை என் ஆலோசனை அறையில் பார்த்திருக்கிறேன். நிச்சயமாக அப்படித்தான் என்று சொல்ல நான் அவரைச் சந்தித்ததில்லை. ஆனால் வேலை போன மனிதர், தன் அம்மாவும் தம்பியும் தம்பி பிள்ளையும் பார்த்துக்கொண்டிருக்கிற இடத்தில், தம்பி மனைவியிடம் வரிக்கு வரி திருத்தம் வாங்கியிருக்கிறார். நீங்கள் எழுதியதில் பிழை இல்லை. இடம்தான் பொருந்தவில்லை.

நடைமுறைக்கு வருவோம். ஒரு பதிவுக்கு ஒரு பதில் எழுதுங்கள், அத்தோடு சரி. எழுதியதும் அறிவிப்பை அணைத்துவிடுங்கள், அடுத்தவர் என்ன சொன்னார் என்பது காலையில் தெரிந்தால் போதும். இது பேசாமல் இருப்பதாகாது. கொள்கை மாற வேண்டும் என்று உண்மையிலேயே விரும்பினால் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் மக்களைச் சந்திக்கும் நிகழ்ச்சிக்குப் போங்கள். அங்கே பெயரும் முகமும் உள்ள ஒருவர் கேட்பார். யாராவது எல்லை மீறி உங்கள் வீட்டு முகவரியையோ மகனின் பள்ளியையோ போட்டால் பதில் எழுதவே எழுதாதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு போலீசில் புகார் கொடுங்கள். துன்புறுத்த வேண்டும் என்றே ஒருவரின் விவரங்களை அம்பலப்படுத்துவது 2020 முதல் இங்கே குற்றம். தூக்கமின்மை இன்னும் சில வாரம் நீடித்தால் பலதுறை மருந்தகத்தில் மருத்துவரைப் பாருங்கள். நடுராத்திரியில் யாரிடமாவது பேசத் தோன்றினால் 1771 என்ற மனநல உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது.

மகன் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை போலிருக்கிறது. "நீ எனக்காக யாரிடமும் சண்டைக்குப் போக வேண்டாம். உன்னை யாராவது இப்படிப் பேசினால் என்னிடம் வந்து சொல்" என்று இந்த வாரமே சொல்லிவிடுங்கள். உங்களுக்காக மட்டும் அவன் கேட்டானா, தனக்கும் சேர்த்துக் கேட்டானா என்பது அப்போது தெரியவரும்.

கடைசியாக, உங்கள் கணவர். முழுக் கடிதத்திலும் அவருக்கு ஒரே ஒரு வசனம்தான். அதுவும் உங்களிடம் சொன்னது, அண்ணனிடம் அல்ல. நீங்கள் முகம் தெரியாதவர்களிடம் ராத்திரி முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும் பதில் அவர் வாயிலிருந்து வர வேண்டியது என்றே எனக்குத் தோன்றுகிறது. இதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். பட்டியலுக்காக நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. சமாதானம் பேச நீங்கள் முதலில் போகவும் வேண்டாம், அவர் அண்ணனைத் தனியாகக் கோப்பிக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போகட்டும். வேலை தேடுவது எப்படிப் போகிறது என்று முதலில் கேட்கட்டும். சீக்கா பேச்சை அண்ணனே எடுத்தால், "என் பொண்டாட்டியையும் சேர்த்துத்தான சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்லும்வரை காத்திருக்கட்டும்.